நடந்து போகும் தூரத்தில் ஒரு மீன்கடை

எனக்குப் பின்னால் வந்த கார் மெதுவாகியபோதே தெரிந்துவிட்டது, இன்றைக்கும் மீன் இல்லை என்று.

கிரான்பர்ன் என்கிற புறநகரில், மகன் வீட்டிலிருந்து கடைத்தொகுதிக்குப் போகும் பெருந்தெரு அது. பாதி தூரத்துக்குத்தான் நடைபாதை உண்டு, பிறகு புல். அந்தப் புல்லோரமாகத் தோளில் துணிப்பையோடு போய்க்கொண்டிருந்தேன். வசந்தகாலம் என்று பெயர், காற்று காதைப் பிய்த்தது. காரின் கண்ணாடி இறங்கியது. சிவராசா அண்ணை. இரண்டு தெரு தள்ளி இருப்பவர், வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், நல்ல மனிதர். அந்த நல்ல மனிதர் என்பதுதான் எனக்குப் பிரச்சினை.

"ஏறுங்கோ தங்கச்சி."

நடக்கத்தான் வந்தேன், வேண்டாம் அண்ணை என்றேன். தனக்கும் அவசரம் ஒன்றுமில்லை என்றார். நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னவர் என்று ஒரு பொய்யையும் எடுத்துவிட்டேன். டொக்டர்மார் அப்படித்தான் சொல்வார்கள், அதற்காக இந்தக் காற்றுக்குள்ளா என்றார். பின்னால் வந்த வாகனம் ஹோர்ன் அடித்தது. ஏறினேன்.

எங்கள் ஆட்களிடம் முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை, இரண்டாம் தடவை கூச்சம், மூன்றாம் தடவை பிகு. கேட்கிறவர் விடாமல் கேட்க வேண்டும், மறுக்கிறவர் கடைசியில் இணங்க வேண்டும். பந்தியில் போதும் போதும் என்று கையால் இலையை மறைக்க மறைக்க இன்னொரு அகப்பை விழுமே, அதே முறைதான். உண்மையிலேயே வேண்டாதவள் என்ன சொல்லித் தப்புவது என்று ஒருவரும் யோசித்து வைக்கவில்லை.

சிவராசா அண்ணை காரைக் கடைப்பக்கம் விடவில்லை. வளைத்துத் திருப்பி வீட்டுக்கே கொண்டுவந்தார். பின்னேரம் மகன் கூட்டிக்கொண்டு போவான்தானே என்பது அவர் நியாயம். நான் கதவைத் திறந்து உள்ளே போகும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். மீன் வாங்கப் போன நான் வெறும் பையோடு குசினி அடுப்புக்கு முன்னால் நின்றேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அதே வாரம்தான் என் மகன் குகன் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தான். இங்கிலாந்தில், யோர்க்கில் இருக்கிற என் வீட்டை விற்றுவிட்டு இங்கேயே தங்களோடு இருந்துவிடுங்கள் என்று. நன்றாக யோசித்து மாத முடிவுக்குள் சொல்லுங்கள் என்றான். யோசிப்பதற்கு எனக்கு நடக்க வேண்டும். நடக்கத்தான் விடுகிறார்கள் இல்லையே.

ஏன் இவ்வளவு புகழ்ச்சி?

இந்தத் தொடரில் நான் யோர்க்கை அளவுக்கு மிஞ்சிப் புகழ்வதாக ஒரு வாசகர் குறைப்பட்டிருக்கிறார். வெள்ளைக்காரன் ஊரில் அப்படி என்னத்தைக் கண்டீர்கள் என்று கேட்கிறார். கண்டதைச் சொல்கிறேன், பெரிதாக ஒன்றுமில்லை. நல்ல மீன்.

யோர்க் இங்கிலாந்தின் வடபக்கத்துப் பழைய நகரம். சுற்றிவரக் கல்மதில், நடுவில் ஒரு பெரிய தேவாலயம், குறுக்கே ஆறு. ஊரின் எந்த மூலையிலிருந்தும் எந்த மூலைக்கும் கால்நடையாகப் போகலாம். என் கணவருக்கு ரயில்வேயில் சமிக்ஞைப் பகுதியில் வேலை கிடைத்ததால் அங்கே போனோம். நான் ஒரு மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். மதிலுக்கு உள்ளேயே சின்ன வீடு. குகன் பிறந்ததும் அங்கேதான்.

எங்கள் குசினி இரண்டு பேர் நின்றால் ஒருவர் மற்றவரின் காலை மிதிக்கிற அளவு. குளிர்சாதனப் பெட்டி என் இடுப்பு உயரம்தான். ஒரு நாள் சாமானுக்கு மேல் அதற்குள் போகாது. அதனால் தினமும் கடைக்குப் போக வேண்டும், தினமும் புதிதாகச் சமைக்க வேண்டும். முதல் வருடம் முழுக்க அதைத் திட்டித் தீர்த்தேன். பிறகுதான் எவ்வளவு நன்றாகச் சாப்பிடுகிறோம் என்று விளங்கியது.

சந்தை மீன்காரர் தடித்த மனிதர், சிவந்த கை. வருகிற பெண்கள் எல்லோரையும் "லவ்" என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் நான் வெலவெலத்துப் போய் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் பஸ் சாரதியும் தபால்காரரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று தெரிய நாளாயிற்று. எங்கள் ஊர்க் கீரிமீன் மாதிரியே ருசிக்கும் சின்ன மீன் வந்தால் எனக்கென்று ஒதுக்கி வைப்பார். கரையோர ஊரிலிருந்து நண்டு வந்த நாட்களில், தலையும் காலும் எல்லாம் வேண்டும், ஒன்றையும் எறியாதே என்று நான் சொல்ல, பக்கத்தில் நிற்கிற வெள்ளைக்காரப் பெண்கள் விலகி நிற்பார்கள்.

குளிர்காலம் முடிகிற நேரம் ருபார்ப் என்று ஒரு தண்டு வரும். இளஞ்சிவப்பு நிறம், பல் கூசும் புளிப்பு. அவர்கள் அதற்குச் சீனி போட்டு வேகவைத்துக் கஸ்டர்ட் ஊற்றிச் சாப்பிடுவார்கள். நான் மிளகாயும் கடுகும் தாளித்து மாங்காய்ப் பச்சடி மாதிரிச் செய்வேன். புகையூட்டிய ஹெரிங் மீனை உதிர்த்து வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சம்புளி போட்டுப் பிசைந்தால் சம்பல். வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸை அரிந்து தேங்காய்ப்பூவோடு சுண்டினால் வறை. இப்படியே அந்த ஊரின் கடையையும் எங்கள் குசினியையும் ஒன்றோடொன்று பழக்கிவிட்டேன்.

தனியாள் சாப்பாடு

கணவர் போன பிறகு, எங்கள் ஆட்கள் தொலைபேசியில் ஒரே கேள்விதான் கேட்டார்கள். தனி ஆளுக்கு என்னத்தைச் சமைக்கிறீர்கள்? கேட்டுவிட்டு அவர்களே பதிலும் சொல்வார்கள். ஒரு பேக்கரிப் பாண் துண்டும் தேத்தண்ணியும் போதும், இல்லையா?

எனக்குப் போதவில்லை. கணவரை இழந்தவள் வாயையும் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே நன்றாகச் சமைத்தேன். ஒரு நண்டு வாங்கி ஒரு நண்டுக்குக் குழம்பு வைத்தேன். மேசையைத் துடைத்து, நல்ல பீங்கானை எடுத்து வைத்து, கதிரையை இழுத்து உட்கார்ந்து, ஆறுதலாகச் சாப்பிட்டேன். பின்னேரங்களில் பேக்கரியில் ஒரு தயிர்க்கட்டி டார்ட் வாங்கி, ஊர்மதில்மேல் இருக்கும் நடைபாதையில் நடந்தபடியே தின்றேன். அதில் சாதிக்காய் வாசம் இருக்கும். மேலே நின்று பார்த்தால் மற்ற வீடுகளின் கொல்லையும் கொடியில் காயும் துணியும் தெரியும்.

தனிமை இல்லையா என்று கேட்டால், இருந்தது. நிறைய இருந்தது. சில நாட்களில் மீன்காரர் சொன்ன அந்த ஒரு "லவ்" தவிர வேறு மனிதக் குரல் என் காதில் விழுந்திராது. ஞாயிறுகளில் தேவாலய மணி விடாமல் அடிக்கும்போது ரேடியோவைச் சத்தமாக வைப்பேன். ஆனால் அந்தத் தனிமைக்குள் எனக்கு வேலை இருந்தது. காலையில் எழும்பினால் போகிறதற்கு ஒரு கடை இருந்தது.

கராஜில் ஒரு வாரம்

போன குளிர்காலம் யோர்க் வீட்டு வாசலில் பனியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. குகன் பதறிப்போய் விமானமேறி வந்து, உலகத்தின் மறுகோடியில் இருக்கிற இந்த ஊருக்குக் கையோடு கூட்டிவந்துவிட்டான். அவனும் மருமகள் மைதிலியும் கிரான்பர்னில் புதுக் குடியிருப்பில் பெரிய வீடு கட்டியிருக்கிறார்கள். எனக்கென்று தனியறை, தனிக் குளியலறை. கையை அசைக்கவிடாமல் பார்த்துக்கொண்டாள் மைதிலி. அதை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் அந்த வீட்டில் சமையல் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மைதிலி காலையில் தொடங்கினாளென்றால் மத்தியானத்துக்குள் ஏழு நாளுக்கான கறி முடிந்துவிடும். டப்பாக்களில் அடைத்து, கிழமைப் பெயர் ஒட்டி, கராஜில் நிற்கிற பெரிய உறைபெட்டிக்குள் அடுக்கிவிடுவாள். இரண்டு பேரும் இருட்டோடு வேலைக்குப் போய் இருட்டோடு வருகிறவர்கள், வேறு என்ன செய்வார்கள்? கறி ருசியாகத்தான் இருக்கும். ஆளாளுக்கு ஒரு நேரத்தில் வந்து சூடாக்கி, தொலைக்காட்சிக்கு முன்னாலோ கணினிக்கு முன்னாலோ வைத்துச் சாப்பிடுவோம். மூன்று பேர் இருக்கிற வீட்டில் மூன்று தனிச் சாப்பாடு.

பகலில் வெளியே ஓர் ஆளைக் காண முடியாது. தெருத் தெருவாக ஒரே மாதிரி வீடுகள், எல்லாவற்றுக்கும் கராஜ் கதவு மூடியிருக்கும். கதவு மேலே போகும், கார் வெளியே வரும், கதவு கீழே வரும். கைகாட்டலாம் என்று நினைப்பதற்குள் போய்விடும்.

கை தேறியதும் ஒரு நாள், மைதிலியிடம் கேட்டுவிட்டு, கடைத்தொகுதிக்கு நடந்து போனேன். அங்கே ஒரு மீன்கடை இருந்தது. யோர்க்கில் காணாத மீனெல்லாம் இருந்தது. ஒரு சங்கரா மீனை வாங்கி வந்து அன்றைக்கே குழம்பு வைத்தேன். குகன் வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்து சட்டியைத் திறந்து பார்த்தான். அன்று மூன்று பேரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். நான் நடக்கத் தொடங்கியது அதனால்தான்.

இடியப்பப் பொதிகள்

ஒரு பெண், வயதானவள், பையைத் தூக்கிக்கொண்டு தெருவோரமாக நடக்கிறாள். எங்கள் ஆட்களுக்கு அதைப் பார்த்தால் ஒரே ஒரு கதைதான் தோன்றும். மகன் வீட்டில் கவனிக்கிறார்கள் இல்லை.

முதலில் கார்கள் நின்றன. சிவராசா அண்ணை மட்டுமல்ல, யாரென்றே தெரியாத தமிழ்ப் பிள்ளைகள்கூட நிறுத்தி "அன்ரி, எங்க போறீங்கள், ஏறுங்கோ" என்றார்கள். பிறகு வாசலுக்குச் சாப்பாடு வரத் தொடங்கியது. ஐஸ்கிரீம் டப்பாவில் சொதி, ஈரத்துணி சுற்றிய இடியப்பம், ஒரு நாள் கத்தரிக்காய்க் குழம்பு. தந்தவர்கள் என் கையைப் பிடித்து, ஒன்றுக்கும் யோசிக்காதீர்கள் என்று மெல்லச் சொன்னார்கள். எனக்கு யோசனையே இல்லையே என்றேன். அதைக் கேட்டதும் இன்னும் பாவமாகப் பார்த்தார்கள்.

சோகமாக முகத்தை வைத்திருந்தால் ஒருவேளை நம்பியிருக்க மாட்டார்கள். நான் சிரித்துக்கொண்டு நடந்ததுதான் அவர்களுக்குப் பெரிய துன்பமாகப் பட்டது.

கடைசியில் அது போய் மைதிலியின் தலையில் விழுந்தது. ஒரு பிறந்தநாள் விழாவில், பலகாரத் தட்டை நீட்டியபடியே ஓர் அம்மா அவளிடம் கேட்டிருக்கிறார், மாமிக்கு வீட்டில் ஏதும் கரைச்சலோ என்று. வீட்டுக்கு வந்து கைப்பையை வைத்துவிட்டு என் அறைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"மாமி, நீங்கள் நடக்கிறது எனக்குப் பிரச்சினையே இல்லை. ஆனா நான் என்ன செய்தனான் எண்டு இவை இப்படிக் கதைக்கினம்?"

அவள் ஒன்றும் செய்யவில்லை. என் கைக்குக் கட்டுப்போட்டிருந்தபோது எனக்குத் தலை பின்னிவிட்டவள் அவள். இனி நடக்கவில்லை என்று அவளுக்குச் சொன்னேன், சொன்னபடியே இருந்தேன்.

அந்த வாரங்களைப் பற்றி எழுத அதிகமில்லை. டப்பாவைத் திறந்தேன், சூடாக்கினேன், சாப்பிட்டேன். பிறகு ஜன்னலில் நின்று கராஜ் கதவுகளைப் பார்த்தேன். யோர்க்கில் இருந்த தனிமையை நான் தூக்கிக்கொண்டு நடந்தேன். இங்கே அது என்னை ஒரு கதிரையில் உட்கார வைத்துவிட்டது.

சனிக்கிழமை

குகன் கவனித்திருக்கிறான். ஒரு சனிக்கிழமை மத்தியானம், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து என் அறை வாசலில் நின்றான். "வாங்கோ அம்மா, மீன்கடைக்கு நடப்பம். என்னோட வந்தா ஒருத்தரும் கதைக்க மாட்டினம்தானே."

எனக்கு வந்த சந்தோஷத்தில் பையைத் தேடி எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

வெயிலும் காற்றும் கலந்த நாள். கடைத்தொகுதிவரை இவ்வளவு தூரமா என்று தொடக்கத்தில் மூச்சு வாங்கினான். இதே வழியால் தினமும் இரண்டு தடவை காரில் போகிறவன், தெருவோரக் குட்டைக்குள் நீலக்கோழிகள் நிற்பதை அன்றுதான் கண்டான். அங்கே நின்று போனில் படமெடுத்தான். வேலி ஓரத்தில் குதிரைகளைப் பார்த்தான். பிறகு தன் பாட்டில் பேசத் தொடங்கினான். வேலையிடத்தில் ஆட்களைக் குறைக்கிறார்களாம், தன் பெயரும் வரலாம் என்று பயமாக இருக்கிறதாம், மைதிலிக்கு இன்னும் சொல்லவில்லையாம். வீட்டில் இத்தனை மாதமாக ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் இதை அவன் எனக்குச் சொன்னதில்லை. நடக்கும்போதுதான் வந்தது. நான் புத்தி ஒன்றும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டு கூடவே நடந்தேன்.

அந்தப் புல்லோரத்தில் வைத்து நான் முடிவு செய்தேன். யோர்க் வீட்டை விற்கலாம். கிழமைக்கு ஒரு தடவை இப்படிப் பிள்ளையோடு நடக்கக் கிடைத்தால், எனக்கு இந்த ஊர் போதும். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

பின்னால் கார் மெதுவாகியது.

சிவராசா அண்ணைதான். கண்ணாடியை இறக்கி, காருக்கு என்ன நடந்தது தம்பி என்று கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை அங்கிள், சும்மா நடக்கிறோம் என்று குகன் சொன்னான். பரவாயில்லை, ஏறுங்கள் என்றார். இல்லை அங்கிள் என்றான். அம்மாவை ஏன் காற்றுக்குள் அலைக்கிறாய் என்றார். குகன் என்னைப் பார்த்தான். அவன் கை அதற்குள் கதவுப் பிடிக்குப் போய்விட்டது. யோர்க்கில் பிறந்து வளர்ந்தவன்தான், ஆனாலும் நான் வளர்த்த பிள்ளை. பெரியவர்கள் மூன்றாம் தடவை கேட்டால் மறுக்கக்கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

"அம்மா, அங்கிளுக்கு இல்லை எண்டு சொல்லேலாது. ஏறுங்கோவன்."

"நீ போ ராசா. நான் வாறன்."

சிவராசா அண்ணைக்கு முகம் சுருங்கியது. குகன் ஒரு கணம் தயங்கினான், பிறகு, தான் முந்திப் போய்க் கடையில் நிற்பதாகச் சொல்லி ஏறிக்கொண்டான். கார் நகரும்போது பின்கண்ணாடியால் திரும்பிப் பார்த்தான். நான் கையைக் காட்டினேன். மிச்சத் தூரத்தை நடந்து முடித்தேன். அவ்வளவு நீளமாக அந்தத் தெரு அதற்கு முன் இருந்ததில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது கடைத்தொகுதி வாசலில் குகன் நின்றான். இரண்டு கையிலும் பைகள். நான் கஷ்டப்படக் கூடாது என்று அவன் ஓடி ஓடி வாங்கியது முகத்தில் தெரிந்தது.

"எல்லாம் வேண்டிட்டன் அம்மா. மீன் வெட்டித் துப்புரவாக்கியே தந்திட்டாங்கள். கொத்தமல்லி, தேசிக்காய், எல்லாம் இருக்கு. அங்கிளும் நிக்கிறார், கொண்டுபோய் விடுறாராம்."

கொஞ்சம் தள்ளி, எஞ்சினை நிறுத்தாமல், சிவராசா அண்ணை காத்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமே மீதமில்லை. மீனைப் பார்க்கவும் இல்லை, செவுளைத் தூக்கிப் பார்க்கவும் இல்லை, கடைக்காரரோடு ஒரு வார்த்தை பேசவும் இல்லை. என் பிள்ளை என்மேல் வைத்திருக்கிற அன்பு அந்த இரண்டு பைகளிலும் நிறைந்து கிடந்தது. அதை எனக்குத் தாங்க முடியவில்லை.

"தம்பி, நான் யோர்க்குக்குத் திரும்பிப் போறன். வீட்டை விக்க வேண்டாம்."

அவன் பைகளைக் கீழே வைக்கவில்லை. வாசலால் போகிற ஆட்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான். கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. சின்னப் பிள்ளையில் கேட்கிற மாதிரித் தாழ்ந்த குரலில்தான் கேட்டான்.

"அங்க உங்களுக்கு ஆரம்மா இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

உண்மை அதுதான். மீன்காரரும் போன வருடம் கடையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். பனி பெய்தால் அந்த வாசற்படி மறுபடியும் வழுக்கும். அடுத்த தடவை விழுந்தால் தூக்க ஆள் வருவதற்கு எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியாது. பயம் இருந்தது, அன்றும் இருந்தது, இதை எழுதும்போதும் இருக்கிறது. இங்கே ஆர் இருக்கினம் என்று திருப்பிக் கேட்க வாய்வரை வந்தது. கேட்டிருந்தால் அவன் அதை வாழ்நாள் முழுக்கச் சுமந்திருப்பான். கேட்கவில்லை.

சிவராசா அண்ணை மெல்ல ஒரு தடவை ஹோர்னைத் தட்டினார். குகனின் ஒரு கைப் பையை நான் வாங்கிக்கொண்டேன். மீன் இருந்த பை அது, குளிர்ந்து கனத்தது. அவனுக்காக அன்று மட்டும், அவர் கேட்பதற்கு முன்பே, காரில் ஏறினேன்.